கரண்டு வேலைக்கு வந்தவன்

பாப்பா,

நேற்று உன் கச்சேரி நடுவில் பிளக்கைப் பிடுங்கிய கிறுக்கன் நான்தான். முப்பது வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்த காது. நீ பாட்டுக்குப் பதிலாக அந்தச் சத்தம் போடுகிற மெஷினைத் திருகியதும் வந்த உறுமலைக் கேட்டு, எதுவோ கருகப்போகிறது என்று மேடைக்குப் பாய்ந்துவிட்டேன்.

"யாருய்யா நீ?" என்று அரங்கு மேனேஜர் என் சட்டையைப் பிடித்தார். இந்த இரைச்சலைப் போடுகிறவளுக்கு அப்பன் என்று சொல்ல வெட்கம். "கரண்டு வேலைக்கு வந்தவன் சார்" என்றேன்.

உன் காதில் விழுந்தது. "விடுங்க சார், நல்லதுக்குத்தான் செஞ்சார்" என்று சொல்லிவிட்டு, தலை நிமிராமல் பிளக்கை நீயே சொருகினாய்.

மறுபடி உறுமல். நடுவே 'டொக், டொக்.' அது என் ஸ்க்ரூடிரைவர், என் பட்டறையின் பழைய கம்ப்ரசர்! போன மாதம் பட்டறையில் நீ மைக்கோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தங்களைப் பதிந்துகொண்டிருந்தபோது, "வேலவெட்டி இல்லையா உனக்கு?" என்று கேட்டவன் நான்.

முடிந்ததும் சனம் எழுந்து கைதட்டியது. பக்கத்து சீட்டுக்காரர், "எலக்ட்ரீஷியன் சார், யாரு வீட்டுப் பொண்ணு இது, தெரியுமா?" என்றார். இந்த முறை வெட்கம் உன்னால் இல்லை, என்னால். அறுந்த சட்டைப் பொத்தானைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவரிடம் சொல்லாததை இங்கே கையெழுத்தாகப் போடுகிறேன்.

உன் அப்பா