கில்பர்ட்டுக்குச் சமர்ப்பணம்

மகன் பெரெக்ரினுக்கு அம்மா எழுதுவது. புரூஜ் நகரில் நாடிழந்த ராஜாவுக்குத் தூது போய்க்கொண்டு நீ சுகமாக இருப்பாய். இங்கே மாடுகள் சுகம்.

உன் போர்க்களப் புத்தகம் வந்தது, நீ அனுப்பி அல்ல, உன் ராஜாவை விரட்டிய பார்லிமெண்ட் படையின் கேப்டன் கொண்டுவந்தான். உன் அண்ணன் கையில் கொடுத்து, முதல் பக்கத்தைப் படிங்க ஐயா, உங்க தம்பி எவ்வளவு அழகா எழுதியிருக்கார்னு எல்லாரும் கேட்கட்டும் என்றான். வூஸ்டர் போரில் தோற்று ஓடிவந்த என்னைப் பதினொரு நாள் பாலாடைக்கட்டிப் பரணில் ஒளித்துக் காத்த அண்ணன் கில்பர்ட்டுக்குச் சமர்ப்பணம் என்று உன் அண்ணன் தன் வாயாலேயே படித்தான். தம்பியைக் கண்ணால் பார்க்கவில்லை என்று வேதத்தின்மேல் கைவைத்து இரண்டு முறை சத்தியம் செய்திருந்தான், ஆறு வருஷம் நம்பினார்கள். மற்றவர்கள் ஒரு பிரபுவின் பெயரைப் போட்டுப் பல்லிளிப்பார்கள், உனக்குத்தான் நன்றி பொத்துக்கொண்டு வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நீயா கெட்டாய்? கையைக் கட்டும்போதுகூட அந்தப் பைத்தியம் சிரித்துக்கொண்டு, தம்பி என்னை மறக்கலம்மா என்றது. எட்டாம் நாள் சிறைக் காய்ச்சலில் செத்துப்போனான். முகத்தைக்கூடக் காட்டவில்லை பாவிகள்.

அவன் மனைவி டொர்காஸ் உன் புத்தகத்தைக் கிழித்து அப்பம் சுடும் தட்டுக்கு அடியில் விரிக்கிறாள். அந்த நாய்க்கு எழுதாதீங்க அத்தை என்றாள், பெற்ற வயிறு கேட்கவில்லை, எழுதுகிறேன். ஈரக் காலோடு தூங்காதே, உனக்கு மார்ச்சளி உண்டு. கடவுள் உனக்கு நூறு வயது கொடுக்கட்டும், இதை நினைத்துக்கொண்டே கிடக்க அத்தனை வருஷமும் வேண்டும்.

இரண்டாம் பாகம் எழுதுகிறாயாமே. ஒன்றை மறந்துவிடாதே. பரணில் ஒளித்தது அவன், சரி. பதினொரு நாளும் ஏணியில் ஏறிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தது யார்? முட்டிவலியோடு நான்தானே ஏறினேன்? அதைப்பற்றி ஒரு வரி இல்லை. நீ மறந்ததால்தான் நான் இன்னும் சிறைக்கு வெளியே கிடக்கிறேன். இந்தத் தடவை எனக்குச் சமர்ப்பணம் செய்யடா. கீழே பெயரும் ஊரும் போட்டிருக்கிறேன், தப்பில்லாமல் அச்சுக்குக் கொடு. கேப்டனுக்கு வழி தெரியும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பாவி,
அர்சுலா தோர்ன்டன்,
எல்ம்காட் பண்ணை, ஷ்ராப்ஷயர்.