உன் பங்கு மாத்திரை

பாவாயிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லமாட்டாய். போனிலும் மழுப்புவாய் என்றுதான் திருச்செங்கோட்டுக்குத் திரும்பும் போர்வெல் ரிக் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பிரஷர் மாத்திரை வந்தது. "ஏனுங்க, ஊட்டுக்கு வார நர்சம்மா உங்களுக்கும் சேத்துத்தான் குடுத்தாங்க" என்றாய். கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்காமல் அந்தம்மா யாருக்கும் மாத்திரை தந்ததில்லை. என் கை இங்கே சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் ஒரே மாத்திரை என்பதால் கண்டுபிடிக்கமாட்டேன் என்று நினைத்தாயா? கடையில் வாங்கக் காசில்லாமல் உன் பங்கையே அனுப்பியிருக்கிறாய்.

ஒன்றைக்கூடத் தொடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முந்தாநாள் பைப் இறக்கும்போது கொஞ்சம் கிறுகிறுத்தது, வெயில்தான், வேறொன்றுமில்லை. நாளைக்கு இங்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எனக்கு வாங்கிக்கொள்கிறேன்.

ஊறுகாய் அனுப்பாதே. உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, தலையணைக்கு உறையில்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மாத்திரை கைக்கு வந்ததும் வீடியோ காலில் என் கண்ணெதிரே விழுங்கு. விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டு.

ரங்கன்