விழாமல் போன கல்

மார்ச் 4
நான் வெட்டும் கிணறு பதினெட்டடி இறங்கியிருக்கிறது. பகல் இடைவேளைக்கு மேலே வந்து பீடிக்குத் தீக்குச்சியைக் கிழித்தேன். தெற்கே வானத்தில் ஒரு வெள்ளை நெருப்பு. பட்டப்பகலில்! குளத்தில் வீசிய ஓட்டாஞ்சில்லு மாதிரி படுக்கைவாட்டில் வந்தது. சத்தமே இல்லை. முதல் குச்சி விரலைச் சுட்டது, இரண்டாவதும் சுட்டது, அது இன்னும் போய்க்கொண்டே இருந்தது. வடக்கே போய், மெலிந்து, கொஞ்சம் மேலே ஏறி, காணாமல் போனது.

சாயங்காலம் டீக்கடையில் அதே பேச்சுதான். கடைக்காரர் அது தன் கொல்லைக்குப் பின்னால் விழுந்தது என்கிறார். முடிவெட்டுகிறவர் தன் கடைச்சுவருக்குப் பின்னால் என்கிறார். (இவர் ஒரு தடவை என் காதையே வெட்டிவிட்டு, காதுதான் குறுக்கே வந்தது என்றவர்.) இவனுங்களுக்கு வானமே வீட்டுக் கொல்லை வரைக்கும்தான்.

நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். ஒருத்தனும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. வந்தது, போனது என்றால் அது ஒரு கதையா? ஆகவே மாற்றிச் சொன்னேன்: “தங்கச்சி சோளக்காட்டுல தொம்முனு விழுந்துச்சு. என் காலே அதிர்ந்துச்சு.” எல்லா வாயும் திறந்தது.

மார்ச் 5
விடிந்ததும் கடப்பாரையோடு மாப்பிள்ளை, தங்கச்சி புருஷன். வானத்துக் கல்லை வித்தால் மாடி வீடு கட்டலாம் என்று யாரோ ஓதியிருக்கிறான். ஒரு சமயம் பால் கறக்கும் என்று நம்பிக் கிடாயை ஓட்டிவந்தவர் இவர். அது பெரிய கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.
“மச்சான், எந்த வரிசையில விழுந்துச்சு?”
கை தானாக நீண்டது. ஏன் நீட்டினேன்?

மார்ச் 6
ஏழு குழி. குழியா அது? பன்றி கிளறினாலும் ஓரம் நேராக இருக்கும். சோளம் கதிர் பிடித்து நிற்கிறது, இன்னும் இருபது நாள் போனால் அறுக்கலாம். அவர்களுக்கு வருஷச் சாப்பாடே அதுதான். தங்கச்சி சாய்ந்த தட்டைகளை நிமிர்த்தி நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 7
போய்ச் சொல்லிவிட்டேன். கல் விழவில்லை, நான் அளந்துவிட்டது என்று. மாப்பிள்ளை சிரிக்கிறார்.
“நீயே எடுத்துக்கலாம்னு பாக்குறியா மச்சான்?”
நாளை மறுநாள் டிராக்டர் வருகிறதாம். காடு முழுக்கப் புரட்டப்போகிறாராம். புத்தி கெட்ட ஜென்மம். அந்தப் புத்தியைக் கெடுத்தது யாரு, நான்தானே. ச்சே.

மார்ச் 8
நெருப்பைப் பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று டவுன் காலேஜ் டீச்சரம்மா பேப்பரில் போட்டிருந்தார். பஸ் ஏறிப் போனேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: “அது காத்தை உரசிட்டுத் திரும்பவும் வெளியே போயிடுச்சுங்க. பூமியில விழவே இல்லை.”
படித்தவர் வந்து சொன்னால் மாப்பிள்ளை கேட்பார் என்று கையோடு கூட்டிவந்தேன். அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “நீங்க கண்ணால பாத்தீங்களா?”
அந்தம்மா பொய் சொல்லத் தெரியாதவர். இல்லை என்றார்.
“எங்க மச்சான் பாத்தாரு.”
பொய்க்கு இருக்கும் மரியாதையைப் பார்!

மார்ச் 9
டிராக்டர் வரப்பேறிவிட்டது. முன்னால் போய் நின்றேன். மாப்பிள்ளை காதில் மெதுவாகச் சொன்னேன்: “விழுந்த அன்னிக்கே எடுத்துட்டேன் மாப்ளே. என் அடுப்படியில புதைச்சிருக்கேன்.”
அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே. முதல் நாளிலிருந்தே என்னைத் திருடன் என்றுதான் நினைத்திருக்கிறார்.
டிராக்டர் திரும்பியது. இருட்டுவதற்குள் என் அடுப்படி இடுப்பளவு பள்ளம்.

மார்ச் 10
சுவர் விழுந்தது. இது நிஜமாகவே தொம்மென்று. அத்தோடு மாப்பிள்ளை கடப்பாரையைக் கீழே போட்டார்.

மார்ச் 30
தங்கச்சி வீட்டு வாசலில் மூன்று பேரும் கதிர் உரிக்கிறோம். பாதிக்கு மேல் தேறிவிட்டது. பல நாளைக்குப் பிறகு தங்கச்சி வாயைத் திறந்தாள்: “சுவரை எப்பண்ணே எழுப்பப் போற?”
மழைக்கு முன்னால் என்றேன்.
“அதுவரைக்கும் இங்கயே இரு.”
மாப்பிள்ளை தலையை நிமிர்த்தாமல், மண் குழைக்கத் தானும் வருவதாகச் சொன்னார். வரட்டும். தோண்டத்தான் தெரியவில்லை, குழைக்கவாவது தெரிகிறதா, பார்ப்போம்.