முன்வரிசையில் உன் பாய்

இன்று காலை கோயில் மண்டபத்தில் உன் நீலப் பாயை விரித்தேன். நீ நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தலைவலித் தைலத்தின் வாடை இன்னும் அதில் இருக்கிறது. வேண்டுமென்றேதான் துவைக்காமல் வைத்திருக்கிறேன். யோகா மாஸ்டருக்கும் அந்த வாடை எட்ட வேண்டும் என்று முன்வரிசையில், அவர் மூக்குக்கு நேராக உட்காருகிறேன்.

இந்த வகுப்புக்கு என்னை இழுத்து வந்தவளே நீதான். மலேசியாவில் இந்த ஜொகூர் பாரு ஃபேக்டரியில் ஒரே லைனில் நாம் நின்ற காலத்தில், உன் நெஞ்சு திடீர் திடீரென்று தாளம் தப்பும். என் விரலை எடுத்து உன் மணிக்கட்டில் வைத்து, "எண்ணிப் பாருடி, சொல்பேச்சே கேக்க மாட்டேங்குது" என்று சிரிப்பாய். ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடக் கூடாது என்று டாக்டர் கேப்சூல் கொடுத்தார். "யோகா செய்யுங்க, நல்லதுதான். ஆனா மருந்த விட்றாதீங்க" என்றும் சொன்னார்.

யோகா உனக்குக் கேட்டது, அதை நான் மறுக்க மாட்டேன். மூன்றே மாதத்தில் படபடப்பு குறைந்தது, நன்றாகத் தூங்கினாய், லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினாய். அந்த நல்லதுதான் நம் கண்ணைக் கட்டியது.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் தொடங்கினாய். மாஸ்டர் உன் கேப்சூலை வாங்கி உருட்டிப் பார்த்தார். "இந்தக் கூடு மாட்டெலும்புல செய்யறதும்மா. பால்குடம் எடுக்கிற வயித்துக்குள்ள இது போலாமா? தைப்பூசம் முடியட்டும். அதுவரைக்கும் உங்களுக்கு மூச்சே போதும்." பக்கத்துப் பாயிலிருந்த நானும் பெரிதாகத் தலையாட்டினேன். அந்தத் தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

பால்குடத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, ஃபேக்டரி கேன்டீனில் உன் வாய் கோணியது. தேத்தண்ணி மடியில் கொட்டியது, சுட்டதுகூட உனக்குத் தெரியவில்லை. ரத்தம் உறைந்து மூளையை அடைத்துவிட்டது என்றார்கள். நான்காம் நாள் போய்விட்டாய்.

மீதிக் கேப்சூல்களை ஒப்படைக்கப் போனபோது மருந்துக் கவுண்டர் பெண் கேட்டாள்: "மாட்டெலும்புன்னு ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருந்தா, கூடு இல்லாத மாத்திரையா மாத்திக் குடுத்திருப்போமே அக்கா? நெறைய பேரு கேப்பாங்க லா." ஒரே ஒரு வார்த்தை!

உன் கருமாதிக்கு வந்த மாஸ்டர், "எல்லாம் விதி" என்றார். இவரைச் சும்மா விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நெஞ்சுக் கோளாறு என்று புதிதாக யாராவது வகுப்புக்கு வந்தால், மாஸ்டர் வாய் திறக்கும் முன் நான் எழுந்து நிற்பேன். "யோகா செய்யுங்க, மருந்தையும் சாப்டுங்க. மாஸ்டர் சொன்னாருன்னு மருந்த நிறுத்துன என் கூட்டாளி செத்துட்டா." ஒவ்வொரு முறையும் அவர் முகம் வெளுக்கும். எனக்கு அது இனிக்கிறது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனிக்கிறது.

இன்று வகுப்பு முடிந்ததும், செருப்பு விடும் இடத்துக்குத் தனியாக வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"என் மேல தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க. இதோட விட்டுடுங்க."

"இங்க வேணாம் மாஸ்டர். உள்ள வாங்க. எல்லாரும் இருக்கும்போது, நாந்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க."

தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையும் நான் எழுந்து நிற்பேன்.

நீயாக இருந்தால் அந்தக் கண்ணீருக்கே இரங்கியிருப்பாய். "பாவம்டி, விடுடி" என்று என் கையைப் பிடித்து இழுத்திருப்பாய். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் உன் குணம் என்னிடம் ஒட்டவே இல்லை. மன்னிக்கத் தெரிந்தவளைத்தான் அவர் கொன்றார். மிச்சம் வைத்தது என்னை.