பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நம்ப மாட்டாய், நானேதான் எழுதுகிறேன். நீ பேசவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, போனில் நான் மட்டும் கத்துவதும் நீ அந்தப் பக்கம் மூச்சு விடுவதும் எனக்குத் தாங்கவில்லை. அதனால் எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். "சட்டையில ஒரு சுருக்கம் விடமாட்டீங்க பெரியவரே, எழுத்து மட்டும் ஏன் இப்படிக் கசங்கிக் கெடக்கு?" என்று டீச்சரம்மா கேலி செய்கிறார். செய்யட்டும். உன் பெயரை எழுதிய அன்று, இஸ்திரி போட்ட துணியை வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் ரசிகர்கள் நம் இஸ்திரிக் கடைக்கு வந்திருந்தார்கள். நீ ராக் குழுவை விட்டு வந்து, கடையின் பின்னறையில் சத்தம் தடுக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டுத் தனியாகப் பாடிப் பதிவு செய்தாயே, அந்த முதல் பாட்டுகள் பிறந்த இடத்தைப் பார்க்கத்தான். பெரிய மேடைகளில் நீ ஊருக்கே பாடுகிறாயாம், இந்தப் பாட்டுகளில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறாயாம். சொல்லும்போதே ஒரு தாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் முதலில் என்னை முறைத்துத்தான் பார்த்தார்கள். ஒரு பாட்டின் தொடக்கத்தில் "அப்பா, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்கிறாயே, அதைக் கேட்டு, பாடக் கூடாதென்று திட்டுகிற அப்பா என்று நினைத்துவிட்டார்கள். இன்னொரு பாட்டில் வரும் 'உஸ்' சத்தத்தைக் கடலலை என்று ஒருவரும் பாம்பு என்று ஒருவரும் சண்டை போட்டார்களாம். நான் ஈரத்துணி மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். அதே 'உஸ்'; நீ நிறுத்தச் சொன்னது இதைத்தான் என்று புரிந்து, கடையே அதிரக் கைதட்டினார்கள். உன் பாட்டில் நானும் வாத்தியக்காரன், தெரிந்துகொள்!

போகும்போது தாடிக்காரர், "அடுத்த பாட்டு எப்பங்கய்யா?" என்று கேட்டார். வரும் என்றேன். அவர்கள் தெரு முனை திரும்புவதற்குள் ஒரு சட்டைக் காலரைப் பொசுக்கிவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி ஆனதில்லை.

உன் அக்கா எல்லாம் சொல்லிவிட்டாள். தொண்டைக் கட்டியை எடுத்தால் குரல் போகலாம், எடுக்காவிட்டால் நீயே போய்விடுவாய் என்றாராம் டாக்டர். நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாயாம். "பாடலன்னா நான் யாரு?" என்று எழுதிக் காட்டினாயாம். அதிலிருந்து போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டாலும் பயம். உன் பாட்டைப் போட்டால், நடுவில் நீ மூச்சு வாங்குகிற இடத்தில் அடுத்த மூச்சு வருமா என்று துணியைப் பிடித்தபடி நிற்கிறேன். பதிவான பாட்டுதான், வரும் என்று தெரியும். ஆனாலும் நிற்கிறேன்.

சுவர் இருந்தால்தானே சித்திரம், கண்ணே? பாடிய பாட்டை அந்தத் தாடிக்காரர் பத்திரமாக வைத்துக்கொள்வார். பாப்பாவை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

கையெழுத்துப் போட்டுவிடு. நானே இந்த வயதில் கற்றுக்கொண்டு கீழே போட்டிருக்கிறேன், பார்.

பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அன்றெல்லாம் பாட்டு முடிந்ததும் "ம், ஆரம்பிங்கப்பா" என்பாய். இந்த முறையும் நீ வந்து சொல்ல வேண்டும். சொல்லக் குரல் வராவிட்டால் கையை அசைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று வேண்டுகிற,
உன் அப்பா