தோணியின் அடிப்பக்கம்

அமிர்தகழி
14-9-1936

அன்பு மகள் அன்னப்பூரணிக்கு அப்பா எழுதுவது. மாமாங்கேஸ்வரர் அருளால் நானும் அம்மாவும் சுகம், ஈப்போவில் நீயும் மருமகனும் அவ்வாறே இருக்கிறீர்களென்று உன் கையெழுத்தில் கண்டால்தான் எங்களுக்கு ஆறுதல். அம்மாவின் முழங்கால் வலி எண்ணெய் பூசியதில் தணிந்திருக்கிறது. இருமலென்று எழுதியிருந்தாய், பச்சைத் தண்ணீர் குடிக்காதே.

சிறுவர்களுக்காக நான் எழுதிவரும் கதை என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். செல்லக்கண்டு என்ற சிறுமி மீனுருக்கொண்டு வாவிக்கடியிலுள்ள ஊருக்குப் போவதும், தகப்பன் தோணியில் தேடுவதும் உனக்குத் தெரியும். சென்ற மாதம் எட்டாம் அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்தபோது, மீன் கொண்டுவந்த சாலிஹும் நின்று கேட்டார். தகப்பனின் கன்னத்தில் கண்ணீர் வழிவதைச் செல்லக்கண்டு நீருக்குள்ளிருந்து கண்டாள் என்று வாசித்தேன். அவர் சிரித்துவிட்டு, "தண்ணிக்குள்ள கிடக்கிற புள்ளைக்குத் தோணிட அடிதானே வாத்தியார் தெரியும், வாப்பாட கண்ணீர் எப்பிடித் தெரியும்?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. கதை முழுவதையும் வரிவரியாகப் பார்த்து, அவள் காணாததையும் கேளாததையும் சிவப்புப் பென்சிலால் வெட்டினேன், பதினோரிடம் அகப்பட்டது. இப்போது அவள் தலைக்குமேல் கறுத்த அடிப்பலகை போகிறது, துடுப்பு இரண்டு முறை விழுந்து நிற்கிறது, பிறகு நெடுநேரம் விழவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்ட அம்மா எழுந்து உள்ளே போனாள்.

ஆனால் அச்சிடச் சம்மதித்திருந்த அச்சகத்துக்காரர் அழகரத்தினம், கண்ணீரைத் திரும்ப எழுதினால்தான் எழுத்துக் கோப்பேன் என்கிறார். "தகப்பன் அழுறதச் சொல்லாட்டிச் சின்னப்புள்ளைகளுக்கு எப்பிடி விளங்கும்?" என்று கேட்டார். மற்ற அச்சகத்தார் முன்பே மறுத்துவிட்டார்கள், இவரையும் விட்டால் கதை பெட்டியில்தான் கிடக்கும். அவர் சொல்வதே சரியோ என்று மூன்று நாள் யோசித்தேன். உண்மையில் அந்தக் கண்ணீர் நீ கப்பலேறிய நாளில் நான் விட்டது, அதைக் கொண்டுபோய்ச் செல்லக்கண்டுவின் கதைக்குள் வைத்துவிட்டேன். ஒருமுறை அவள் கண்ணை விட்டு நான் தோணிக்குள் ஏறினால் வாசிக்கும் பிள்ளையும் என்னோடு ஏறிவிடும், பிறகு அவள் தொலைந்த பயத்தை யார் அறிவார்? ஆகவே நாளைக் காலை போய், ஒரு வரியும் மாற்றமாட்டேன், முடியாவிட்டால் கையெழுத்துப் பிரதியைத் தாருங்கள் என்று சொல்லப் போகிறேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி. மருமகனை மழையில் நனையவேண்டாமென்று சொல். நான் எவ்வளவு பயந்தவனென்று உனக்குத் தெரியும், அழகரத்தினத்தின் முகத்தைப் பார்த்தால் சரியென்று தலையாட்டிவிடுவேன். உனக்குச் சொல்லிவிட்டதை மாற்றி எழுத எனக்கு முகமில்லை. அதனால் இக்கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்ட பிறகே அச்சகத்துப் படியேறுவேன்.

உன் அன்புள்ள அப்பா,
க. வினாயகமூர்த்தி