வாசற்படிக்குக் கறுப்புக் கல்

ஆனி 8, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. புது வீட்டுக்குக் கல் எடுக்க நானும் இவரும் நகரி ரோட்டில் கல் கடைக்குப் போனோம். கடை என்று பேர்தான், ஒரு தகரக் கொட்டகையும் வெட்டவெளியும். பலகை பலகையாய்க் கல்லைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மக் தண்ணீர் அடித்துக் காட்டுகிறார். தண்ணீர் பட்டால்தான் நிறம் எழுந்து வருகிறது. காய்ந்ததும் எல்லாம் தூசி நிறம்.

முடிவானது:
ஹால் - வெளிர் பழுப்பு
பூஜை அறை - ரோஸ்
மாடிப்படி - சிவப்பு
சமையல் மேடை - கறுப்பு
வாசற்படி, போர்ட்டிகோ - அதே கறுப்பு, பாலிஷ் போட்டது

மேடைக்கு நான் ஆசைப்பட்டது வெள்ளையில் சாம்பல் பொட்டு விழுந்த கல். என் பழுப்பு பர்ஸை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று தெரிந்தது. பக்கத்துக் கறுப்பின் மேல் வைத்தேன். பர்ஸைக் காணோம். தடவித்தான் எடுத்தேன். இவர் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

"வெள்ள வாணாம் வசந்தா. மஞ்சா, எண்ண பட்டா கற ஏறிடும். கறுப்புன்னா எது கொட்னாலும் தெரியாது" என்றார் இவர்.

எது கொட்டினாலும் தெரியாது. எனக்கு அதுதான் பயம்.

வாசலுக்குக் கடைக்காரரே சொன்னார். "வெளிய பாலிஷ் வாணாங்க. மழயில வழுக்கும். சொரசொரப்பா கீறத எடுத்துக்குங்க." இவர் காதில் ஏறவில்லை. புத்தூரில் இவருடைய அக்கா வீட்டு வாசல் கண்ணாடி மாதிரி இருக்கும். பாவா, பாவா என்று அக்கா வீட்டுக்காரரிடம் உருகுவார், ஆனால் அந்த வாசலைப் பார்த்துவிட்டு வந்த நாளெல்லாம் சாப்பாடு இறங்காது.

"நீ இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டார். கேட்கவே இல்லை என்று நாளைக்கு நான் சொல்ல முடியாது.

"உங்க இஷ்டம்" என்றேன்.

ஆனி 10, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. பால்காரர் வரவில்லை.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். எனக்குக் கண்ணில் பிரஷர். கிளாக்கோமா என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். நாலு வருஷம் ஆகிறது, கண்ணாடி மாற்ற அரக்கோணம் போனபோது கண்டுபிடித்தது. முதலில் ஓரத்துப் பார்வை போகுமாம். நடுவில் தெரிந்துகொண்டே இருப்பதால் ஆளுக்கே தெரியாதாம். எனக்கு இப்போது ஓரம் மட்டும் இல்லை, வெளிச்சம் குறைந்தாலும் கஷ்டம், அதிகமானாலும் கஷ்டம். கறுப்பின் மேல் கறுப்பு சுத்தமாகத் தெரிவதில்லை.

தினம் சொட்டு மருந்து (இனி சொ.ம.). இவரிடம் கண் எரிச்சலுக்கு என்று சொல்லியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து போகவில்லை.

அப்பாவுக்கும் இதே. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டினார். கண் போனதும் வீட்டில் அவரிடம் எதையும் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். சித்தி கல்யாணத்துக்கு எடுத்த புடவை எல்லார் மடிக்கும் போய் வந்தது, அவரைத் தாண்டிப் போனது. "அவுருக்கு இன்னாத்த தெரியப்போவுது" என்று பெரியம்மா சொன்னது அவர் காதில் விழுந்தது. அந்தப் புடவையை அவரைத் தாண்டி வாங்கிக்கொண்டவள் நான்.

இன்னொன்று மகள் தீபா. சென்னையில் வேலை, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கண்ணு வியாதி குடும்பம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும்.

அவள் கல்யாணம் முடியட்டும். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆடி 7, புதன்

ஒரே காற்று. ரோட்டுப் புழுதி முழுக்க வீட்டுக்குள்.

கல் பதிக்க நரசிம்முலு வந்தார், கூட இரண்டு ஆள். நகரிக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். வீட்டுக்காரர் தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"அம்மா, மேடைக்கு இந்தக் கறுப்புதானே? சாரு அப்பிடித்தான் சொன்னாரு. நீங்க வெள்ளயவே பாத்துகினு நின்னீங்கன்னு கடையில சொன்னாங்க. மாத்தறதுன்னா இப்பவே சொல்லுங்கமா. மிசின் வெச்சிட்டா அவ்ளோதான்."

மிஷின் தரையில் கிடந்தது. ஒயரை இன்னும் சொருகவில்லை. மாற்றுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சாயங்காலம் இவர் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்குப் பதில் இல்லை.

"வெட்டுங்க" என்றேன்.

சத்தம் தெருக்கோடி வரைக்கும். தண்ணீரும் கல்மாவும் கலந்து கறுப்புக் கூழாய் ஓடியது. பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சொ.ம. போட்டேன். உளுந்து ஒரு கிலோ வாங்க வேண்டும்.

ஆடி 31, சனி

ஆடிக் கிருத்திகை. விடியற்காலையிலிருந்து திருத்தணி முழுக்க அரோகரா சத்தம். காவடிக் கூட்டத்தில் பஸ் எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. தீபா ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தாள்.

புது வீட்டைப் பார்க்கக் கூட்டிப் போனோம். வாசல் முடிந்துவிட்டது. நாலு படியும் போர்ட்டிகோவும் ஒரே கறுப்பு, ஒரே பளபளப்பு. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு மூலையைத் துடைத்தார்.

"நைனா, சூப்பர்! மா, குனிஞ்சி பாரேன், உன் மூஞ்சி தெரியுது" என்றாள் தீபா.

குனிந்தேன். வெளிச்சம்தான் கண்ணில் அடித்தது. "ஆமா, தெரியுது" என்றேன்.

எனக்கு அது நாலு படியாக இல்லை. ஒரே சரிவாக இருக்கிறது. காலை வைத்து வைத்துத்தான் கண்டுபிடித்து இறங்கினேன். முட்டி வலி என்று சொல்லிக்கொண்டேன்.

ஆவணி 14, சனி

நேற்று எழுத முடியவில்லை. இடது கையில் மாவுக்கட்டு.

நேற்று கிரகப்பிரவேசம். விடியற்காலையில் பால் பொங்கியது, ஹோமம், எல்லாம் நல்லபடியாக. மத்தியானப் பந்தி முடிந்து புத்தூர்க்காரர்கள் கிளம்பினார்கள். தாம்பூலத் தட்டோடு வழியனுப்ப வந்தேன். உச்சி வெயில் நேரே படிமேல். வெள்ளையாய் ஒரு தகடு மாதிரி மின்னியது. படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். முடியவில்லை.

தட்டு உருண்டு போன சத்தம் இன்னும் காதில். வெற்றிலை பாக்கு ரோடு வரைக்கும்.

"கண்ண எங்க வெச்சிகினு வர?" இவர் கத்தினார். அத்தனை பேர் எதிரில். பயத்தில் கத்தினார் என்று தெரியும்.

புத்தூர் அக்கா சொன்னது: "கல்லு அப்பிடிப் பளபளன்னு கீதே, திருஷ்டி பட்டுச்சி. பூசணிக்கா ஒடைங்க."

எலும்பில் கீறல். மூன்று வாரம் ஆகுமாம். டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். புடவை தடுக்கிவிட்டது என்றேன். புடவை மேல் பழி போட்டாயிற்று.

ஆவணி 17, செவ்வாய்

ராத்திரி மழை, காலையில் வெளுத்துவிட்டது.

இவர் கடைக்குப் போகவில்லை, காய் நறுக்கித் தருகிறேன் என்று உட்கார்ந்தார். நறுக்கியது போதாது, நான் மேடைப் பக்கம் போனேன். கறுப்புப் பிடிக் கத்தி. மேடையில் தடவிக்கொண்டிருந்தேன்.

"இன்னா தேடற?"

"கத்தி."

"உங் கையாண்டயே கீதே."

இவர் பட்டப்பகலில் எழுந்து போய் லைட்டைப் போட்டார். ஒரு கத்தரிக்காயை எடுத்து மேடையில் வைத்தார். "இது எங்க கீது, சொல்லு" என்றார். குரல் சின்னதாக இருந்தது.

காட்டினேன். தப்பாகக் காட்டியிருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். அரக்கோணம், மருந்து, பரிசோதனைக்குப் போகாதது, அப்பா, தீபாவுக்கு வரன், எல்லாம். அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் போய் அணைக்கவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வருசமா?"

"ஆங்."

"அன்னிக்கி கடையில, கண்ணு தெரியலங்க, வெள்ள வாங்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாணான்னுவனா? நீ இன்னா சொல்றன்னு கேட்டனே வசந்தா."

"கேட்டீங்க."

"என்ன இன்னா மனுசன்னு நெனச்ச நீ?"

எங்கள் வீட்டு மனிதர்கள் அப்பாவுக்குச் செய்ததை, செய்யாத இவர்மேல் ஏற்றி வைத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஆவணி 23, திங்கள்

சென்னை. முதல் ரயிலுக்கே போய், பெரிய கண் ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க.

ஒரு கிண்ணம் மாதிரி மிஷினுக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பொட்டு வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் கொஞ்சம் தெரிந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது போல என்று பரிசோதனை செய்த பெண்ணிடம் சொன்னேன். "இல்லம்மா, ஓடிட்டுதான் இருக்கு" என்றாள். சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். வலது கண்ணில் பாதிக்கு மேல் கறுப்பு. இடது பரவாயில்லை.

"போனது போனதுதாம்மா. திரும்ப வராது. இருக்கிறதக் காப்பாத்தலாம். இந்த ஒரு மருந்து உங்களுக்குப் பத்தல. நடுவுல வந்திருந்தீங்கன்னா மாத்திக் குடுத்திருப்பாங்க."

நடுவில் நான் எங்கே இருந்தேன்? கம்பி கட்டுவதற்கு, ஜன்னலுக்கு, டைல்ஸுக்கு, கல்லுக்கு என்று அலைந்துகொண்டிருந்தேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான் தூரம்.

எழுந்திருக்கும்போது கேட்டார். "உங்க அப்பாவுக்கும் இருந்துச்சுன்னு சொன்னீங்க. பசங்க இருக்காங்களா? அவங்களுக்குப் பாத்தாச்சா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பாவுக்கு, பிறகு எனக்கு என்று எண்ணத் தெரிந்தவள், பிறகு யாருக்கு என்று ஒரு நாள்கூட எண்ணவில்லை. தீபாவின் கல்யாணத்தை மட்டும் எண்ணினேன்.

புது சொ.ம. இரண்டு. காலை ஒன்று, ராத்திரி ஒன்று.

ஆவணி 27, வெள்ளி

வெயில். நரசிம்முலுவை இவரே போன் போட்டு வரச் சொன்னார்.

"வாசப்படி ஓரத்துல பாலிஷ எடுத்துடு. அம்மி கொத்தற மாரி கொத்து. மேடை ஓரமும்."

"சார், ஒரு கீறல் கெடயாது இந்தக் கல்லுல. நல்ல பாலிஷு சார்."

"தெரியும். கொத்து."

பல் வைத்த சுத்தி மாதிரி ஒரு மிஷின். கறுப்புக் கல்லைக் கொத்தினால் சாம்பல் வெள்ளையாகிவிடுகிறது. எனக்கு இன்றுதான் தெரியும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கையகலத்துக்கு வெள்ளைப் பட்டை. முடிந்ததும் ரோட்டிலிருந்து பார்த்தேன். நாலு படி. தனித்தனியாய் நாலு.

சமையல் மேடையை முழுசாகப் பெயர்த்து வெள்ளை போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். பஜாரில் வெள்ளைப் பலகை ஒன்று வாங்கி வந்தார், காய் நறுக்க.

புத்தூர் அக்கா போனில். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "புது வூட்டு வாசப்படிய யாராவது கொத்துவாங்களா? உனக்கின்னா பைத்தியமா?"

"வசந்தாவுக்குக் கண்ணு..." என்று இவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். எல்லாம் சொன்னார்.

சாயங்காலம் படியைக் கழுவினார். கொத்திய இடத்தைத் தொடவில்லை. நடுவில் மிச்சமிருந்த பளபளப்பை மட்டும் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் ஆசைப்பட்டுச் செய்த ஒன்று. அன்று கடையில் வாயைத் திறந்திருந்தால் இருவருக்கும் பிடித்த மாதிரி ஏதாவது ஒரு கல் அங்கே இருந்திருக்கும். அத்தனை கல் இருந்தது.

புரட்டாசி 5, ஞாயிறு

தூறல். இன்று அசைவம் இல்லை, சாம்பார்.

நேற்று தீபாவுக்குப் பரிசோதனை. அவளிடம் இவர்தான் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இடது கண்ணில் ஆரம்பம். பிரஷர் அதிகம், நரம்பில் லேசாக. சின்ன வயசு, மருந்திலேயே நிறுத்திவிடலாம் என்றார்கள். கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தால் நரம்பைத் தொட்டிருக்காது என்றும் சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே சொன்னார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டாள். "எப்பலேர்ந்தும்மா தெரியும் உனக்கு?"

"நாலு வருசமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங் கல்யாணத்துக்குத்தான்..."

சிரித்தாள். அழுதிருந்தால் தேவலை. திருவாலங்காடு தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"ராணிப்பேட்டகாரங்க அடுத்த வாரம் பொண்ணு பாக்க வராங்க இல்ல? நான் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

"வேணாம் தீபா. நான்..."

"நீ சொன்னா ஏதோ தப்பு பண்ணிட்ட மாரி சொல்லுவ. நான் சொன்னா கண்ணுல பிரஷர், மருந்து போட்டுகினு இருக்கேன்னு சொல்வேன். கேட்டுட்டு இருக்கறவங்க இருக்கட்டும், போறவங்க போவட்டும்."

இவர் எதிர் சீட்டில். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை.

திருத்தணியில் இறங்கும்போது பரிசோதனை மருந்தினால் அவளுக்குக் கண் கூச்சம். எனக்கு ஓரம் தெரியாது. என் கையைப் பிடித்தாள்.

ராத்திரி சாப்பிட்டதும் முதல் சொட்டு. அவளே போட்டுக்கொள்ளப் பார்த்தாள். இரண்டு தடவையும் கன்னத்தில் வழிந்தது. குடு என்றேன்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"பழக்கம்" என்றேன்.

தலையை என் மடியில் வைத்துக்கொண்டாள். கீழ் இமையை இழுத்துப் பிடித்தேன். கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விட்டேன்.

"விழுந்துடுச்சிமா" என்றாள்.